அக்கா உரித்த ஆறு வேன்கள்

என் அக்காவுக்கு ஒன்று பிடித்துப்போனால் வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் அது பிடித்தாக வேண்டும். ஒரு வருடம் சோப்பு காய்ச்சினாள். குளியலறை ஜன்னலில், டீவி மேல், மாமாவின் கருவிப் பெட்டிக்குள்கூட சோப்புக் கட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. இன்னொரு வருடம் காளான். கட்டிலுக்கு அடியில் ஈரச் சாக்கு விரித்து வளர்த்ததில் காளானைவிட எறும்புதான் அதிகம் விளைந்தது. மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், இதற்கெல்லாம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. "உங்க அக்காவுக்குக் காய்ச்சல் வந்திருக்கு" என்று மட்டும் என்னிடம் சொல்வார். எந்தக் காய்ச்சல் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் ஒரு தொழிலில் மட்டும் அவள் பத்தொன்பது வருடம் அசையாமல் நின்றாள். தெருவைப் பார்த்த ஒற்றை அறையில் ஒரு அழகு நிலையம். சுவரில் இரண்டு கண்ணாடி, மூன்று நாற்காலி. அதில் ஒன்று பெடலை மிதித்தால் ஏறும், ஆள் உட்கார்ந்ததும் பொசுக்கென்று இறங்கிவிடும். பின்கதவைத் திறந்தால் தகரக் கூரை போட்ட ஷெட். அதில் மாமாவின் குழாய்களும் வளைவுகளும் பழைய வால்வுகளும் கிடந்தன. மாமா பிளம்பர். முன்பக்கம் புருவம், பின்பக்கம் குழாய். நடுவில் நான், இரண்டு பக்கத்துக்கும் எடுபிடி. பேருக்கு நானும் அழகுக் கலைஞர்தான். அக்காவிடம் வேலைக்குச் சேர்ந்து பதினொரு வருடம் ஆகியிருந்தது.

இந்தக் கதை ஒரு வாஷ்பேசினில் தொடங்கியது. ஒரு வீட்டில் குழாய் மாற்றிக்கொண்டிருந்த மாமாவின் கையிலிருந்து பெரிய ரெஞ்ச் வழுக்கி, கீழே இருந்த பேசினில் விழுந்தது. விளிம்பிலிருந்து ஓட்டை வரை ஒரே விரிசல். வீட்டுக்காரம்மா பெரிய மனசோடு விட்டுவிட்டார். ஆனால் அந்தச் சத்தம் மாமாவின் காதைவிட்டு ஒரு வாரம் போகவில்லை. ஈரக் கையில் இரும்புப் பிடி நிற்காது என்பது அவருக்குத் தெரியாததல்ல. துணி சுற்றிப் பார்த்திருந்தார், டேப் சுற்றிப் பார்த்திருந்தார். டேப்பின் பசை கசிந்து கையெல்லாம் பிசுபிசுத்ததுதான் மிச்சம். அந்த முறை ஹார்டுவேர் கடைக்காரர் ஒரு ஸ்ப்ரே டப்பாவைக் கையில் திணித்தார். அடித்தால் ரப்பராகக் காய்ந்து பிடித்துக்கொள்ளுமாம்.

மாமா ஷெட்டில் உட்கார்ந்து ரெஞ்சுக்கு அடித்தார். நாங்கள் போய்ப் பார்த்தபோது, மழையில் நனைந்த மெழுகுவர்த்தி மாதிரி பிடி முழுக்கச் சொட்டுச் சொட்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"இப்படியா அடிப்பீங்க? நெயில் பாலிஷ் போடற கை பக்கத்துலயே இருக்கு, ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?" என்று டப்பாவைப் பிடுங்கினாள்.

பிடுங்கியவள் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தாள். படித்ததும் அவள் முகம் மாறியது எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. காய்ந்திருந்த ஒரு சொட்டை நகத்தால் நெம்பினாள். அது பிடியிலிருந்து கழன்று, சின்ன நாக்கு மாதிரி முழுசாக அவள் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. கீழே இரும்பு பளிச்சென்று இருந்தது, ஒரு கறை இல்லை.

"ஏய், இது நம்ம மாஸ்க்குடி" என்றாள் என்னைப் பார்த்து.

உண்மைதான். முகத்துக்குத் தடவி, காயவைத்து, உரித்தெடுக்கிற மாஸ்க்கை நாங்கள் வாரத்துக்குப் பத்துப் பேருக்காவது போடுகிறோம். தடவுவது, பொறுப்பது, உரிப்பது. இந்த மூன்றையும் அவள் கை பத்தொன்பது வருடமாகச் செய்துவருகிறது. வித்தியாசம், இங்கே கன்னத்துக்குப் பதில் இரும்பு.

அன்று மாலைக்குள் மாமாவின் ரெஞ்சு, பிளையர், சுத்தியல், குழாய் வெட்டி எல்லாவற்றுக்கும் ரப்பர்ச் சட்டை ஏறிவிட்டது. கவ்வுகிற வாயில் ஸ்ப்ரே மருந்து படாமல் இருக்கக் காகிதம் சுற்றினாள். முடி கிளிப்புகளில் மாட்டி, துண்டு காயப்போடும் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் நான்கு பூச்சு, ஒன்று காய்ந்த பிறகு அடுத்தது. இரண்டு நிறத்தில் டப்பா வாங்கிவந்தாள், சிவப்புப் பிடி பெரிய சாமானுக்கு, மஞ்சள் சின்னதுக்கு. மறுநாள் மாமா வேண்டுமென்றே கையை வாளித் தண்ணீரில் முக்கி ரெஞ்சைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. "கையில பூனை நகம் போட்டுப் பிடிச்ச மாதிரி இருக்கு" என்றார். அவரோடு வேலை செய்கிற மற்றப் பிளம்பர்கள் பார்த்தார்கள். ஒரு வாரத்தில் எங்கள் துண்டுக் கம்பியில் ஊரிலுள்ள ரெஞ்செல்லாம் தொங்கியது. முகத்துக்கு வந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துத் திகைத்தார்கள். மாமா என்னிடம் மெதுவாக, "காய்ச்சல் நூத்தி மூணு" என்றார்.

நூற்று நான்கானது மாமாவின் அண்ணனால். பெரிய மாமா என்றுதான் நாங்கள் அவரைக் கூப்பிடுவோம். ஒரு சலவை நிறுவனத்தில் ஸ்டோர் பொறுப்பாளர், அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். அவரிடம் வெள்ளி நிறத்தில் ஒரு கார் இருந்தது. வாங்கிய நாளிலிருந்து அவருக்கு ஒரே குறை, அது கறுப்பாக இல்லையே என்று. கார் கடையில் கறுப்பு தீர்ந்துபோனதால் வெள்ளியை எடுத்து வந்திருந்தார். இந்தக் குறையை அவர் வருடத்துக்கு ஒருமுறைதான் சொல்வார், ஆனால் எல்லா வருடமும் சொல்வார். அந்த வருடம் சொன்னபோது அக்கா அங்கே இருந்தாள்.

"பெரிய மாமா, காரைக் கொண்டாந்து விடுங்க. பிடிக்கலைன்னா உரிச்சிக் கொடுத்துடறேன்."

காருக்குப் பன்னிரண்டு டப்பாவாவது வேண்டும் என்று ஹார்டுவேர் கடைக்காரர் சொன்னார். கையிருப்பு ஏழு. மீதி வர ஒரு வாரம் ஆகும். அக்காவுக்கு ஒரு வாரம் என்பது ஒரு யுகம். மெல்லிசாக அடித்தால் ஏழிலேயே முடிந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஷெட்டின் இரண்டு கதவையும் திறந்துவைத்து, மூக்கை மூடும் வடிகட்டிக் கவசம் மாட்டி, கண்ணாடிகளுக்கும் விளக்குகளுக்கும் காகிதம் ஒட்டி, ஒரு பகல் முழுக்க அடித்தோம். சாயங்காலம் காகிதத்தைக் கிழித்தபோது எங்களுக்கே மூச்சு நின்றது. பளபளப்பே இல்லாத கறுப்பு. கரும்பலகை மாதிரி, வெளிச்சத்தையெல்லாம் குடித்துவிட்டு நின்றது கார். பெரிய மாமா இரண்டு தடவை சுற்றி வந்தார். பிறகு அக்காவின் தலையில் கை வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

ஏழு வாரம் ராஜா மாதிரி ஓட்டினார். எட்டாவது வாரம் சாலைச் சோதனையில் நிறுத்தினார்கள். பதிவுக் காகிதத்தில் வெள்ளி, வண்டி கறுப்பு. அதிகாரி மரியாதையாகத்தான் பேசினாராம். ஒரு வாரத்துக்குள் பழைய நிறத்தில் கொண்டுவந்து காட்ட வேண்டும், இல்லையென்றால் வண்டி அங்கேயே நிற்கும் என்றாராம். நிறம் மாற்ற முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

"ஒரு வாரமா? ஒரு மணி நேரம் போதும்" என்றாள் அக்கா.

கதவோரம் நகத்தை விட்டு நெம்பினாள். நகத்தளவு ஒரு சில்லு வந்தது. மறுபடி நெம்பினாள், மறுபடி ஒரு சில்லு. வெயிலில் கருகிய தோல் உரிகிற மாதிரி, பொடிப்பொடியாக. பானட்டில் பார்த்தாள், டிக்கியில் பார்த்தாள், எங்கே தொட்டாலும் அதே கதை. மெல்லிசாக அடித்ததன் பலன். மூன்று நாள் நாங்கள் மூவரும் சுரண்டினோம். பிளாஸ்டிக் அட்டையால், பழைய சீப்பால், கடைசியில் கட்டைவிரலால். மூன்று நாளில் ஒரு கதவின் பாதி வெளுத்திருந்தது. சொறி பிடித்த மாதிரி நின்றது கார். பெரிய மாமா தினம் சாயங்காலம் வந்து பார்ப்பார். "பரவாயில்லம்மா, மெதுவா செய்" என்பார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் போன பிறகு அக்காவின் முகத்தில் ஈயாடாது. அந்த மூன்று நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

நான்காம் நாள் காலை கடையில் ஒரு வாடிக்கையாளர். பள்ளித் தலைமையாசிரியை, நேரம் தவறாதவர், சிரிக்க யோசிப்பவர். மாஸ்க் போட்டது நான். டியூப் கடைசியில் இருந்தது. பிழிந்து பிழிந்து நெற்றிக்கும் கன்னத்துக்கும் போட்டதில் தாடைக்கு வந்தபோது மிச்சமில்லை, பெயருக்குத் தேய்த்துவிட்டேன். காய்ந்த பிறகு நெற்றி அழகாக வந்தது, கன்னம் வந்தது. தாடையில் சிக்கிக்கொண்டது. நான் நெம்ப நெம்பத் துணுக்குத் துணுக்காக வந்தது. அந்த அம்மா கண்ணை மூடியபடி, "என்ன, கோழி இறகு பிடுங்கற மாதிரி இருக்கே" என்றார்.

அக்கா என்னைத் தள்ளிவிட்டு, புது டியூபை வெட்டி, தாடையில் தாராளமாக இன்னொரு பூச்சுப் பூசினாள். யோசிக்கவில்லை. இது அவள் கை எப்போதும் செய்கிற வேலை. மெல்லிசாகப் போன இடத்தில் மேலே கெட்டியாகப் போட்டால் பழையது புதியதோடு சேர்ந்துகொள்ளும். இருபது நிமிடம் கழித்து ஒரு ஓரத்தைத் தூக்கினாள். தாடை முழுக்க ஒரே இழுப்பில், துணுக்கெல்லாம் சேர்ந்து, முழுசாக வந்தது.

வந்ததைக் கையில் பிடித்தபடி அக்கா அப்படியே நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

"டீச்சர், முகம் கழுவிக்குங்க, தங்கச்சி பார்த்துப்பா" என்று சொல்லிவிட்டு, கையில் அந்தத் தாடையோடு பின்கதவு வழியாக ஓடினாள். தலைமையாசிரியை சிரித்ததை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். "என் மூஞ்சியை எடுத்துக்கிட்டு எங்க ஓடறாங்க?" என்று கேட்டார்.

ஹார்டுவேர் கடையில் மீதி டப்பாக்கள் வந்திருந்தன. சுரண்டியது, சுரண்டாதது எல்லாவற்றின் மேலும் அக்கா நான்கு பூச்சு, ஈரமாக, கெட்டியாக அடித்தாள். இந்தத் தடவை அவசரமே இல்லை. ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் அரை மணி நேரம் ஷெட் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. மறுநாள் காலை பெரிய மாமாவையும் வரச் சொல்லியிருந்தாள். பானட்டின் மூலையைக் கட்டைவிரலால் உருட்டி உருட்டித் தூக்கினாள். இரண்டு விரல் அகலம் வந்ததும் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். சர்ர்ரென்று ஒரு சத்தம். பானட் முழுக்க ஒரே தாளாக, ஒரு பெட்ஷீட்டை உதறுகிற மாதிரி எழுந்து வந்தது. கீழே வெள்ளி, புதுசு மாதிரி.

பெரிய மாமா சட்டைக் கையை மடித்தார். "கூரையை நான் உரிக்கட்டுமாம்மா?" என்றார். அறுபது வயதை நெருங்கிய மனிதர், கேட்டது ஏழு வயதுக் குரலில். அவர் கூரையை உரித்தார், மாமா கதவுகளை உரித்தார், எனக்கு டிக்கி கிடைத்தது. அந்த இழுவையின் சுகத்தை எழுத்தில் சொல்ல முடியாது. பெரிய மாமா உரித்ததைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, சோதனை அதிகாரியிடம் காட்டப் போனார்.

ஸ்டோரில் அவர் வாய் சும்மா இருக்கவில்லை போலும். இரண்டு வாரம் கழித்துச் சலவை நிறுவனத்தின் மேலாளர் எங்கள் அழகு நிலையத்துக்கு வந்தார். சலவை நிறுவனத்துக்காரர் என்பதால் சட்டை மடிப்பில் ஆப்பிள் நறுக்கலாம். பொசுக்கென்று இறங்குகிற நாற்காலியில் உட்கார்ந்து, இறங்கி, அதைக் கவனிக்காதவர் மாதிரிப் பேசினார். அவர்களின் புதுக் கிளை திறக்கப் போகிறது. திறப்பையொட்டிப் பத்து நாள் அவர்களின் ஆறு வெள்ளை வேன்களும் பச்சையாக ஊரைச் சுற்ற வேண்டும். பத்து நாள் முடிந்ததும் மறுபடி வெள்ளை. பெயிண்ட் அடித்தால் திரும்ப முடியாது. முடியுமா?

"முடியும்" என்றாள் அக்கா, அவர் வாக்கியம் முடிவதற்குள். பிறகு தன்னைத்தானே பிடித்து நிறுத்தி, "முதல்ல நிறத்துக்கு அனுமதிக் கடிதம் வாங்கிட்டு வாங்க. கடிதம் இல்லாம கையை வைக்க மாட்டேன்" என்றாள். அக்கா ஒரு காகிதம் கேட்டு நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

ஆறு வேனுக்கு டப்பாக்கள் கட்டுப்படியாகாது. வாளியில் வருகிற மருந்தும் ஸ்ப்ரே கன்னும் வாடகைக்கு ஒரு கம்ப்ரஸரும் ஏற்பாடாயின. மாமா தன் குழாய்களையெல்லாம் எடுத்து, வேன் கூரைக்குப் பக்கத்தில் நின்று அடிக்கத் தோதாகச் சக்கரம் வைத்த ஒரு மேடை கட்டினார். நிறுவனத்தின் முற்றத்தில் நான்கு நாள். கண்ணாடிகளுக்குக் காகிதம் ஒட்டுவது என் வேலை. எத்தனையாவது பூச்சு என்று சுவரில் சாக்கட்டியால் கோடு போடுவதும் என் வேலை. அக்கா ஒவ்வொரு வேனுக்கும் பக்கத்தில் ஒரு பழைய தகரத் துண்டை வைத்து, அதற்கும் அதே எண்ணிக்கையில் அடித்தாள். தகரத்தில் உரித்துப் பார்த்து, கிழியாமல் வந்தால்தான் அந்த வேனுக்கு விடுதலை. மூன்றாவது வேனின் தகரம் கிழிந்தது. எல்லோரும் களைத்துப்போயிருந்தோம். யாரும் சொல்லவில்லை, அவளே ஸ்ப்ரே கன்னை எடுத்து இன்னும் இரண்டு கோடு போடச் சொன்னாள்.

திறப்பு விழாவன்று காலை ஏழரைக்கு நான்காவது வேனின் டிரைவர் எங்கள் கடை வாசலில் நின்றார். முகம் வெளிறியிருந்தது. பெட்ரோல் போடும்போது வழிந்துவிட்டதாம். மூடியைச் சுற்றி அந்தப் பச்சை, ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறிய விரல் மாதிரி சுருங்கி, கொழகொழத்துப் போயிருந்தது. பதினோரு மணிக்கு ஆறு வேனும் வரிசையில் நிற்க வேண்டும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டிரைவர் உள்ளே மாட்டியிருந்த முடி உலர்த்தும் கருவியைக் காட்டி, அதை வைத்துக் காயவைக்கலாமா என்றார்.

அக்கா அதன் பிளக்கையே பிடுங்கிவிட்டாள். "பெட்ரோலுக்குப் பக்கத்துல சூடா? வேன் போனா போகுது, நீங்க வேணும்."

பிறகு நிதானமாக வேலையைத் தொடங்கினாள். வேன் முழுக்க ஒரே உடம்பில்லை, துண்டு துண்டாகச் சேர்த்த தகடுகள். கெட்டது ஒரு தகடுதான். அதன் இடுக்குகளில் பிளேடைத் தொட்டும் தொடாமலும் ஓட்டி, அந்தத் தகட்டை மட்டும் உரித்தாள். துடைத்து, பெட்ரோல் வாசனை போகிற வரை திறந்தவெளியில் காற்றாட விட்டாள். பக்கத்துத் தகடுகளுக்கு நான் காகிதம் ஒட்டினேன். மிச்சம் வைத்திருந்த பச்சையில் ஐந்து பூச்சு. நடுவில் காத்திருந்த ஒவ்வொரு கால் மணி நேரமும் டிரைவர் தெருவை அளந்தார். அக்கா கடைக்குள் போய் ஒரு பெண்ணுக்குப் புருவம் திருத்திவிட்டு வந்தாள். பத்தே முக்காலுக்கு வேன் கிளம்பியது. எந்த வேன் என்று மேலாளர் இன்றைக்கும் கண்டுபிடிக்கவில்லை.

பத்து நாள் கழிந்தது. உரிக்கிற நாள் முற்றத்தில் எள் போட்டால் விழாத கூட்டம். துணி மடிக்கிற பெண்கள், இஸ்திரிக்காரர்கள், ஆறு டிரைவர்கள், மேலாளர். சொன்னபடி வராது என்று டிரைவர்களுக்குள் பந்தயம் வேறு. அக்கா முதல் வேனின் பானட் மூலையைத் தூக்கி இழுத்தாள். உள்ளங்கை அளவு கிழிந்து கையோடு வந்தது.

மாமா என் பக்கம் திரும்பவில்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மட்டும் அந்தத் துண்டை வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

"மூலை சூடா இருக்கு, அதான் இழுபட்டுக் கிழியுது" என்று யாருக்கோ சொல்கிற மாதிரி சொன்னாள். ஒரு வாளித் தண்ணீர் கேட்டாள். பானட்டில் ஊற்றி, குளிரவிட்டு, எதிர் மூலைக்குப் போனாள். கட்டைவிரலால் மெதுவாக, ஒரு முகத்தின் ஓரத்தைத் தொடுகிற மாதிரி உருட்டினாள். ஒரு விரல், இரண்டு விரல், ஒரு சாண். இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் நடந்தாள். அவள் நடக்க நடக்கப் பச்சை அவளோடு வந்தது. பானட் முழுதும் வந்த பிறகும் நிற்காமல், பின்னால் நின்ற கூட்டத்தை இடிக்கும் வரை நடந்தாள்.

துணி மடிக்கிற பெண்கள்தான் முதலில் கை தட்டினார்கள். அப்புறம் கட்டுக்கடங்கவில்லை. ஆளுக்கொரு கதவு, ஆளுக்கொரு மூலை. பந்தயத்தில் தோற்ற டிரைவர்தான் எல்லோரையும்விட வேகமாக உரித்தார். மேலாளர் கொஞ்ச நேரம் கௌரவமாக நின்றார். பிறகு ஆறாவது வேனின் கூரை இன்னும் மிச்சமிருக்கிறதா என்று அக்காவிடம் தாழ்ந்த குரலில் விசாரித்தார். மாமாவின் மேடையில் ஏறி, அந்த மடிப்புக் கலையாத சட்டையோடு முழங்காலிட்டு, கூரை முழுவதையும் ஒரே தாளாக உரித்து, தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். அவருடைய ஊழியர்கள் அவரை அப்படிப் பார்த்ததில்லை என்பது அவர்கள் சிரித்த சிரிப்பிலேயே தெரிந்தது. இரண்டு மணி நேரத்தில் ஆறும் வெள்ளை. துணி மடிக்கிற பெண்கள் பச்சைத் தாள்களையும் பழக்க தோஷத்தில் நான்காக மடித்து அடுக்கிவிட்டார்கள்.

இப்போது அழகு நிலையத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அக்கா வாரத்தில் இரண்டு நாள் வருவாள், அவள் கைதான் வேண்டும் என்கிறவர்களுக்காக. மீதி நாள் சலவை நிறுவனத்துக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்த பெரிய ஷெட்டில் இருக்கிறாள். மாமா பாதி நாள் குழாய், பாதி நாள் கம்ப்ரஸர். போன வாரம் ஒரு படகுக்காரர் வந்து துடுப்புகளின் பிடிக்கு அடிக்க முடியுமா என்று கேட்டார். துடுப்புக்கு மட்டும் ஏன், படகுக்கே அடிக்கலாமே என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தது சலவை நிறுவனத்து முற்றம் வரைக்கும் கேட்டதாக மாமா சொன்னார். தண்ணீருக்குள் எத்தனை நாள் நிற்கும் என்று அவளுக்கே தெரியாது. ஒரு தகரத் துண்டுக்கு ஆறு பூச்சு அடித்து, கல் கட்டி, வாளித் தண்ணீரில் போட்டுவைத்திருக்கிறாள். தினமும் காலையில் எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் போய் அதைத்தான் பார்க்கிறாள்.